புளி போட்டு விளக்கிய மதர்போர்டு

ஒரு மதர்போர்டு ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்தி வைக்கும் என்று நம்பிய ஆள் நான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே இப்போதெல்லாம் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது.

பெயர் மரிய ஜெரால்டு. காரைக்குடி செக்காலையில் வீடு. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் கோபத்துக்குப் பையன்கள் வைத்த பட்டப்பெயர் ஒன்று இருக்கிறது, அதை இங்கே எழுத மாட்டேன். என் மனைவி கிறிஸ்டி குவைத்தில் நர்ஸ். கல்யாணமாகிப் பத்தே மாதத்தில், தொண்ணூற்று நாலு டிசம்பரில், "ரெண்டே வருசந்தாங்க, தம்பிக ரெண்டு பேரும் படிச்சு முடிச்சிரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தொண்ணூற்றாறில் முப்பது நாள் லீவில் வந்தாள், திரும்பவும் போனாள். தொண்ணூற்றெட்டில் தம்பிகள் இருவரும் வேலைக்கே போய்விட்டார்கள். டிசம்பர் ஐந்தாம் தேதி அவள் மறுபடி முப்பது நாள் லீவில் வருவதாக இருந்தது. இந்தத் தடவை அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த வருடம் முழுக்க நான் நினைத்தது இது ஒன்றைத்தான்.

நினைப்பது வேறு, "போகாதே" என்று வாயைத் திறந்து சொல்வது வேறு. அவள் சம்பளம் என் சம்பளத்தைப் போல நாலு மடங்கு. வீட்டுக்கு மாடி எடுத்ததே அவள் காசில்தான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் சொல்வது? மாதம் ஒரு தடவை பக்கத்து வீட்டு உபகாரசாமி மாமா வீட்டுக்குப் போன் செய்வாள். மாமா குடும்பமே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே நின்று என்னத்தைப் பேச? "சாப்பிட்டியா", "இங்க நல்ல மழை", "சரி, வச்சிரட்டுமா". மிச்சமெல்லாம் கடிதத்தில்தான்.

ஜூலையில் வந்த கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். "கூட வேலை பாக்குற பிள்ளையோட அண்ணன் வீட்ல கார் ரேஸ் கேம் பாத்தேன். மலையும் மழையும் நெசம் மாதிரியே இருக்கு. நம்ம கம்ப்யூட்டர்ல இது ஓடுமாங்க?"

ஓடாது. எங்கள் கம்ப்யூட்டர் ஒரு பழைய 386. மதுரையில் ஒரு மில் ஆபீசைக் காலி பண்ணியபோது, கல்யாணமான புதிதில், மோதிரத்தை விற்று வாங்கி வந்தது. அதில் நாங்கள் ஆடிய ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். யார் எழுதியதோ தெரியாது, பிளாப்பியில் பெயர்கூட இல்லை. நாங்கள் அதைப் 'படகு' என்போம். ஆற்றில் இரண்டு சின்னப் படகுகள், இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. மேலிருந்து பாறைகள் வரும். நீலப் படகு அவளுக்கு, சிவப்பு எனக்கு. ஒருத்தர் ரொம்ப விலகினால் கயிறு அறுந்து இரண்டு பேருக்கும் ஆட்டம் போச்சு. ஒரே கீபோர்டு என்பதால் இடப்பக்கம் அவளும் வலப்பக்கம் நானும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருப்போம். தண்ணீர் வேகமெடுத்தால் அவள் மேசைக்கடியில் காலை நீட்டி, கம்ப்யூட்டரின் கேபினட் பெட்டியில் இருக்கும் டர்போ பட்டனைக் கட்டைவிரலால் அமுக்குவாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் அப்படி ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் வேகம் பாதியாகும். ஆறு நிதானமாகிவிடும். "இது கள்ளாட்டம்" என்பேன். "ஆமா, அதுக்கென்ன இப்ப" என்பாள். அந்தப் பத்து மாதம்தான் நான் வாழ்ந்தது, மற்றதெல்லாம் பாடம் எடுத்தது.

ஆகையால் அவள் எழுதிய அந்த ஒரு வரியை நான் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் புதுப்பித்து, மலையும் மழையும் நிஜம் போல ஓடவைத்து, பழையபடி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் அவள் மனசு இளகிவிடும், அந்த நேரம் பார்த்துக் கேட்டுவிடலாம். இதுதான் திட்டம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? எனக்கு அது அன்றைக்கு இல்லை.

கல்லூரிச் சாலையில் கார்த்திகேய சிவம் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். கண்டனூர்ப் பையன், இருபத்துநாலு வயது, மூச்சு விடாமல் பேசுவான். சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறிப் போய்ச் சாமான் வாங்கி வருவான்.

"சார், பிராசசருங்கறது மூளை. மதர்போர்டுங்கறது அந்த மூளை குடியிருக்குற வீடு. வீட்டப் பாக்காம ஆளப் பாக்காதீக" என்று முதல் நாளே உபதேசம் செய்தான்.

"தம்பி, நான் வாத்தியார். பாடத்தை நான் எடுத்துக்கிறேன், நீ விலையைச் சொல்லு" என்றேன்.

மூன்று வழி சொன்னான். ஒன்று பென்டியம் டூ. விலையைக் கேட்டதும் அவன் கடைத் தண்ணீரையே வாங்கிக் குடித்தேன். இரண்டாவது செலரான், அதற்கு நல்ல உசத்தியான போர்டு. பின்னால் பெரிய பிராசசர் வந்தாலும் அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம். "மேல வேகம் முன்னூறுன்னுதான் சார் போட்டுருக்கும், நானூத்தம்பதுல ஓட்டிப்புடலாம்" என்றான் ரகசியம் போல. ஆனால் அந்த போர்டு எங்கள் பழைய கேபினட்டுக்குள் உட்காராது. மூன்றாவது கே-சிக்ஸ் டூ. அதன் போர்டு பழைய கேபினட்டிலேயே கச்சிதமாக உட்காரும்.

ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை இந்த மூன்றையும் போட்டுப் புரட்டினேன். பள்ளிக்கூட இடைவேளையில் தாளில் எழுதி ஒப்பிடுவேன். எது வேகம், எது சூடாகும், எது நாளைக்குப் பயன்படும் என்று சிவத்தைத் துளைத்தெடுத்தேன். "சார், பொண்ணு பாக்கக்கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டீக" என்றான். உண்மைதான், கிறிஸ்டியைப் பார்த்தது அரை மணி நேரம்.

எல்லாவற்றையும் அவளுக்கு எழுதினேன். வாரம் தவறினாலும் பத்து நாளுக்கு ஒரு கடிதம். செலரானா கே-சிக்ஸா, போர்டில் எத்தனை இடம் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக. அவள் பதிலின் கடைசியில் ஒவ்வொரு தடவையும், "வேற விசேசம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டிருப்பாள். அடடா, மெமரியைப் பற்றி எழுத விட்டுப்போச்சே என்று அடுத்த கடிதத்தில் மெமரியைப் பற்றி எழுதுவேன்.

நவம்பர் முதல் வாரத்தில் முடிவு செய்தேன், கே-சிக்ஸ் டூ. வேகத்துக்காகவோ விலைக்காகவோ இல்லை. பழைய கேபினட்டின் நெற்றியில் கிறிஸ்டி வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருந்தாள், அதற்குக் கீழே அவள் காலால் அமுக்கும் பட்டன். அந்த கேபினட்டைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு எழுதினேன்: "ஒருவழியாக முடிவு செய்துவிட்டேன். இந்த போர்டு போட்டால் இன்னும் மூன்று வருடத்துக்குக் கவலையில்லை என்று சிவம் சொல்கிறான்."

சிவம் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்தான். கழற்றிய 386 போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இத என்ன செய்யட்டும்?" என்றான். பிராசசரும் அதிலேயே ஒட்டியிருந்தது.

"எடுத்துட்டுப் போ தம்பி, எனக்கு எதுக்கு அந்தக் குப்பை" என்றேன். என் வாயை அடைக்க அன்றைக்கு யாரும் இல்லை.

கிறிஸ்டி வந்தாள். இளைத்திருந்தாள், காதோரம் இரண்டு நரை. கார் ஆட்டத்தைப் பார்த்து, "ஆத்தீ, நெசமாவே மழை பெய்யுதுங்க" என்று முதல் நாள் சந்தோஷப்பட்டாள். இரண்டாம் நாள் மலையில் கொஞ்சம் ஓட்டினாள். மூன்றாம் நாள் நான் கூப்பிட்டபோது, "இது ஒராளு ஆடுற ஆட்டமாவுல்ல இருக்கு. நம்ம படகப் போடுங்க" என்றாள்.

பிளாப்பியைப் போட்டேன். பழைய இடத்தில் பழையபடி உட்கார்ந்தோம், முழங்கை இடித்தது. முதல் பாறையைத் தாண்டியதும் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். அவள் கீயை அமுக்கினாள்.

ஆறு தெரியவில்லை. திரையில் நீலமாக எதுவோ கீழ்நோக்கிப் பாய்ந்தது, அவ்வளவுதான். இரண்டு படகும் உடைந்து ஆட்டம் முடிந்து எழுத்து வந்துவிட்டது. இரண்டு செகண்டுகூட ஆகியிருக்காது. 386-இன் வேகத்துக்கு எழுதிய ஆட்டம் அது. புது பிராசசர் எத்தனை மடங்கு வேகமோ, ஆறும் அத்தனை மடங்கு ஓடியது. எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லியிருப்பான். நாலு மாதம் ஒப்பிட்டுப் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை.

"பட்டன அமுக்கிட்டுப் போடுவோம்" என்று கிறிஸ்டி காலை நீட்டினாள். அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். பட்டன் 'டிக் டிக்' என்றது. உள்ளே அதன் வயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. புது போர்டில் அதற்கு வேலையே கிடையாது.

"மெதுவா ஓட வைக்க முடியாதாங்க?" என்று கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. சிவத்தைக் கூப்பிட்டு வந்தேன். அவன் செட்டிங்கில் எதை எதையோ அணைத்துப் பார்த்தான். ஆறு நொண்டி நொண்டி ஓடியது, கயிறு தானாக அறுந்தது. "பழைய போர்டு இருந்தா ஒரு நிமிசத்துல மாட்டிப்புடலாம் சார்" என்றான்.

"எங்கடா அது?"

"சாக்குல கெடந்த கழிவோட சேத்து, முனீஸ்வரன் கோயில் தெருவுல பெரியகருப்பண்ணனுக்குப் போட்டுட்டேன் சார்."

எந்த ஊரிலும் பழசு இரும்புக்கடைக்குப் போகும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும். பெரிய வீடுகளில் கழித்துப் போட்ட குத்துவிளக்கு, பீங்கான் ஜாடி, நூறு வருடக் கடிகாரம் என்று தெரு முழுக்கப் பழைய சாமான் கடைகள். இங்கே புதுசுக்கு விலை குறையும், பழசுக்கு ஏறும். ஓடினேன். பெரியகருப்பன் கண்டனூரில் ஒரு வீட்டுச் சாமானை எடுக்கப் போயிருந்தான். மறுவாரமும் இல்லை. மூன்றாம் தடவை போனபோது கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, கடை பூட்டு. நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. கிறிஸ்டி, "போகட்டும் விடுங்க, அதுக்காக எதுக்கு அலையுறீக" என்றாள். நான் விடவில்லை. அந்த ஆறு நிதானமாக ஓடினால்தான் எனக்கு வாய் வரும் என்று ஒரு பைத்தியம்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி ஆளைப் பிடித்தேன்.

"வாங்க சார். கம்ப்யூட்டர் பலகையா? பத்திரமா இருக்கு" என்றான் பெரியகருப்பன். உள்ளே போய் ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தான். துணியைப் பிரித்தான்.

என் 386 போர்டு பளபளவென்று மின்னியது. செப்புக் கோடுகள் எல்லாம் புதுக் குத்துவிளக்கு மாதிரி சிவந்து தெரிந்தன. அங்கங்கே பச்சை நிறம் உரிந்திருந்தது. நாலைந்து சின்னச் சாமான்களைக் காணவில்லை.

"என்னப்பா செஞ்ச?"

"வந்தப்ப ஒரே தூசி சார். நம்ம கடைக்கு வந்த சாமான அப்புடியே வைக்க மாட்டம்ல? புளியும் சாம்பலும் போட்டு நல்லா வெளக்கி, ரெண்டு நாள் வெயில்ல வச்சு எடுத்தேன். உள்ளுக்குள்ள அம்புட்டும் செம்பு சார், பாத்தீகளா. தேக்குச் சட்டம் போட்டு மாட்டுனா வெள்ளக்காரன் கொத்திக்கிட்டுப் போயிருவான்."

பையன்களை அதட்டுகிற குரல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவனை என்ன சொல்லித் திட்டுவது? பித்தளையை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்த்திருக்கிறான். அதைக் குப்பை என்று தூக்கிக் கொடுத்தவன் நான். அவன் அதைக் குளிப்பாட்டியாவது வைத்திருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கேட்ட காசைக் கொடுத்து வாங்கினேன். சிவம் மாட்டிப் பார்த்தான். உயிர் இல்லை. தெரிந்ததுதான்.

வீட்டுக்கு வந்து அதைக் கிறிஸ்டியின் மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். புளி என்றதும் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். "இதுக்கா இத்தன நாளு அலைஞ்சீக?"

"இதுக்கில்ல" என்றேன். வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழி உடைந்தாயிற்று, இனி எந்த நேரத்துக்குக் காத்திருப்பது? "கிறிஸ்டி, போகாத. எனக்கு நீ இல்லாம முடியல. சோறு இறங்கல. மாடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கயே இருந்துரு."

அவள் சிரிப்பு நின்றது. மடியிலிருந்த போர்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இத எப்ப நெனச்சீக?"

"ஜனவரியிலேர்ந்து."

"எந்த ஜனவரி?"

"இந்த வருசம் ஜனவரி."

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தாள். என் கடிதங்கள். அவற்றைக் குவைத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இங்குட்டு உக்காருங்க" என்றாள். "ஆகஸ்டுலேர்ந்து பதினோரு லெட்டரு. நவம்பர் பதினஞ்சுக்குள்ள ஆஸ்பத்திரியில பதில் சொல்லணும். இருக்கேன்னு கையெழுத்துப் போட்டா லீவு, இல்லேன்னா கணக்க முடிச்சு அனுப்பிருவாக. ஒவ்வொரு லெட்டரையும் பாத்ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டுப் படிப்பேன். எங்கயாச்சும் 'வந்துரு'னு ஒரு வார்த்த எழுதியிருக்கீகளான்னு. வேற விசேசம் இல்லையா, வேற விசேசம் இல்லையான்னு நானும் கேட்டுக்கிட்டே கெடந்தேன். மதர்போர்டு இருந்துச்சு. மெமரி இருந்துச்சு. கடைசி லெட்டர்ல, இன்னும் மூணு வருசத்துக்குக் கவலையில்லன்னு எழுதியிருந்தீக."

"அது போர்டப் பத்தி..."

"தெரியும். ஆனா அன்னக்கி என் கையில இருந்த காயிதமும் மூணு வருசத்துக்குத்தான். சரி, மனுசனுக்கு நம்ம இல்லாமயே மூணு வருசம் ஓடிரும் போலன்னு போட்டுட்டேன் கையெழுத்த."

அந்த ஒப்பந்தத்தை முறித்துவிட முடியாதா என்று கேட்டேன்.

"லீவு முடிஞ்சு திரும்பி வந்துருவேன்னு எனக்கு ஜாமீன் நின்னது கூட வேலை பாக்குற நாச்சியாபுரத்து ஆஷ்லின். நான் போகலைன்னா அவ வேலை போயிரும். அவளுக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு." கடிதக் கட்டை மறுபடி ரப்பர் பேண்டுக்குள் சொருகினாள். "ஒரு வார்த்தைங்க. ஸ்டாம்பு ஒட்டுற செலவுகூட உங்களுக்குத் தனியா ஆயிருக்காது."

மூன்றாம் தேதி மத்தியானம் பெட்டி கட்டி முடித்த பிறகு அவளே, "படகப் போடுங்க" என்றாள்.

உட்கார்ந்தோம். தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் காலை நீட்டி அந்தப் பட்டனை அமுக்கினாள், உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே. ஆறு பாயும், உடையும். "மறுபடி" என்பாள். உடையும். "மறுபடி." நாற்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவை, எப்படியோ, இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி முதல் பாறையைத் தாண்டிவிட்டோம். கயிறு அறுபடவில்லை. அடுத்த பாறையில் போச்சு. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு மொத்தமாக நாங்கள் ஆடிய நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை நிமிடம் வரும்.

புளி போட்ட போர்டை அவளே கொண்டு போனாள். ஊறுகாய் பாட்டிலுக்கும் சேலைக்கும் நடுவில் வைத்து, "உலகத்துல புளி போட்டு வெளக்குன ஒரே போர்டு இதாத்தான் இருக்கும்" என்றாள்.

அவள் போன மறுவாரம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள கிறிஸ்டிக்கு, இங்கு நலம். சிவம் புதிதாக ஒரு" என்று கை தானாக எழுதிவிட்டது. கிழித்தேன். வேறு தாள் எடுத்தேன். முதல் வரியில் "வந்துரு" என்று எழுதினேன். எழுத்து மொழியில் எழுத வேண்டும் என்று வாத்தியார் புத்தி சொன்னது, கேட்கவில்லை. அதற்கப்புறம் எழுத வேறு ஒன்றும் இல்லாததால் அப்படியே மடித்து ஒட்டினேன். அதிலிருந்து எந்தக் கடிதம் எழுதினாலும் முதல் வரி அதுதான்.

போன வாரம் அவள் கடிதம் வந்தது. ஆஷ்லினுக்குக் காய்ச்சல், அங்கே கடும் வெயில், போர்டைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறாள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். "வேற விசேசம் ஒண்ணும் இல்லையா?" என்ற அந்த வழக்கமான கேள்வி இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை. மூன்று வருடத்தில் நாலு மாதம் கழிந்திருக்கிறது.